இராணுவச் செவிலியர் முதற்பணியமர்த்தம்

இராணுவச் செவிலியர் முதற்பணியமர்த்தம் என்பது, படையின் செவிலியர் பணியில் புதிதாகச் சேரும் ஒருவரை அவர் முதன்முதலாகப் பணியாற்ற வேண்டிய மருத்துவமனைக்கு ஆணையிட்டு அனுப்பும் நடைமுறையாகும். படைமுகாம் வழக்கில் இது ‘முதல் போஸ்டிங்’ எனப்படும். குடிமை மருத்துவமனைகளில் செவிலியர் தமக்கு ஏற்ற ஊரைப் பார்த்து விண்ணப்பிக்க இயலும். படையிலோ ஊரை முடிவு செய்வது மருத்துவமனைகளின் தேவையே. இந்த அடிப்படை நெடுங்காலமாக மாறவில்லை. செவிலியரின் தகுதிநிலையே காலந்தோறும் மாறி வந்துள்ளது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இவ்வரலாறு துறவற மடங்களோடு தொடர்புடையது. அன்னை ஆன்-மரி ழவுவே நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபையின் கன்னியர் 1827-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்தனர். பிரெஞ்சுக் குடியேற்றங்களின் நிர்வாகம் அக்காலத்தில் கடற்படை அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. அவ்வமைச்சகம் செனகல், கயானா முதலிய இடங்களின் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இச்சபையின் உதவியை நாடியது. படைவீரரும் கடலோடிகளும் சிகிச்சை பெற்ற மருத்துவமனைகளில் பணிபுரிந்த கன்னியருக்குப் படைப்பதவி எதுவும் இல்லை. கீழ்ப்படிதல் வாக்குறுதி ஏற்ற அவர்களுக்குச் சபைத் தலைமை குறிக்கும் இடமே பணியிடமாயிற்று.

பிரித்தானிய இந்தியாவில் முறையான இராணுவச் செவிலிப்பணி 1888 மார்ச்சில் தொடங்கியது. தகுதிச் சான்று பெற்ற 10 செவிலியர் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வந்து சேர்ந்ததும் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, காதரின் கிரேஸ் லாக் தலைமையில் ஒரு குழு இராவல்பிண்டிக்கும் மற்றொன்று பெங்களூருக்கும் அனுப்பப்பட்டன. பிரித்தானியச் சிப்பாய்கள் பெருந்தொகையாக நிலைகொண்டிருந்த பாசறை நகரங்களே இவ்வாறு முதற்பணியிடங்களாயின; இந்தியச் சிப்பாய்களுக்கு இச்சேவை அப்போது கிட்டவில்லை. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது இந்தியாவிலேயே செவிலியர் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டனர். 1926 அக்டோபர் 1 அன்று நிலையான அமைப்பாக உருவான இந்திய இராணுவச் செவிலியர் சேவை, இந்தியப் படையினரின் மருத்துவமனைகளுக்குச் செவிலியரை அளித்தது. தொடக்கத்தில் 12 மேட்ரன்கள், 18 சிஸ்டர்கள், 25 ஸ்டாஃப் நர்சுகள் என 55 பணியிடங்களே இருந்தமையால், நியமனம் என்பது சில மருத்துவமனைகளுக்குள் ஆட்களைப் பங்கிடுவதாகவே அமைந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்த எல்லையை உடைத்தது. சிங்கப்பூர், பர்மா, எகிப்து, இத்தாலி முதலிய களங்களுக்குச் செவிலியர் அனுப்பப்பட்ட சூழலில், 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் அவர்களைக் கமிஷன் பெற்ற அதிகாரிகளாக்கியது. கமிஷன் என்பது அரசின் பெயரால் வழங்கப்படும் அதிகாரிப் பதவி ஆணையாகும். விடுதலைக்குப் பின்னும் இச்சட்டமே இராணுவச் செவிலியர் சேவையின் அடிப்படையாகத் தொடர்ந்தது. 1976-இல் அச்சேவையின் இயக்குநர் கெர்ட்ரூட் அலைஸ் ராம் மேஜர் ஜெனரலாக உயர்ந்து, இந்தியப் படையில் அப்பதவியை எட்டிய முதல் பெண்மணியானார்.

இன்று இச்சேவையில் சேரும் முதன்மை வழி, புனே, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு நகரங்களிலுள்ள ஆயுதப்படைச் செவிலியர் கல்லூரிகளில் நடைபெறும் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பாகும். படிப்பு முடிந்தபின் நடைபெறும் கமிஷன் வழங்கும் விழாவில், லெப்டினன்ட் பதவிக்குரிய இரண்டு நட்சத்திரங்கள் புதிய அதிகாரியின் தோளில் சூட்டப்படுகின்றன. பணியமர்த்த ஆணையின்படி அவர் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் எதன் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டியவராகிறார். ஒரே வகுப்பில் பயின்றவர்கள் வெவ்வேறு மூலைகளுக்குப் பிரிந்து செல்வது இயல்பு. புறப்படும் நாளையும் சேரவேண்டிய இடத்தையும் குறிக்கும் தாள் ‘மூவ்மென்ட் ஆர்டர்’ எனப்படும். சேர்ந்த இடத்தில் அவர் மூத்த செவிலிய அதிகாரியான பிரின்சிபல் மேட்ரனின் பொறுப்பில் வார்டுப் பணியைத் தொடங்குகிறார். நோயாளியைக் கவனிப்பதோடு, வார்டில் பணிபுரியும் நர்சிங் அசிஸ்டென்டுகளான படைவீரர்களை வழிநடத்துவதும் அவர் கடமையாதலால், முதல் பணியிடமே அதிகாரப் பயிற்சிக் களமாகவும் அமைகிறது. அமைதிக்கால நிலையங்களைப் ‘பீஸ்’ என்றும், எல்லையோரம் போன்ற கடினமான பகுதிகளைப் ‘ஃபீல்டு’ என்றும் படையினர் வகைப்படுத்துவர்.

1954-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்ததும், 1962-இல் அது சட்டப்படி உறுதியானதும் இந்நகரத்தாரின் படைத்தொடர்பில் இரு கிளைகளை உருவாக்கின. கடற்கரைச் சாலையில் நிற்கும் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் பிரெஞ்சுப் படையில் உயிர்நீத்த இந்நகரத்தாரை நினைவூட்டுகிறது. இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் அப்படையோடு உறவைத் தொடர்ந்தன. இராணுவச் செவிலியர் சேவையோ இந்தியக் குடிமக்களுக்கு உரியது. ஆகவே இச்சேவையில் சேரும் புதுச்சேரிப் பெண்ணின் முதல் பணியிடத்தையும் முப்படை மருத்துவமனைகளின் தேவையே முடிவு செய்கிறது.