புராஸ்டேட் நீராவிச் சிகிச்சை: குணமாகும் காலம்

புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, சதையை வெட்டி எடுக்காமல், அதற்குள் நீராவியைச் செலுத்திச் சுருங்க வைக்கும் முறைக்கு நீராவிச் சிகிச்சை என்று பெயர். மருத்துவமனைகளில் ‘ரெசூம்’ என்ற வணிகப் பெயரைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருந்த என்எக்ஸ்தெரா என்ற நிறுவனம் உருவாக்கிய கருவி இது. 2015இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது. 2018இல் பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனம் என்எக்ஸ்தெராவை வாங்கியது.

சிகிச்சைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் பலன் முழுதாகத் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதில் முதல் சில வாரங்கள், சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிடவும் சிரமமாகவே கழியக்கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர் பொறுத்துக்கொள்கிறார்; தெரியாதவர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்.

ஆவி உள்ளே செய்யும் வேலை

புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். வயது ஏற ஏறப் பலருக்கு அது பருக்கிறது. இது புற்றுநோய் அல்லாத பெருக்கம்தான் என்றாலும், இடம் அப்படிப்பட்டது. நடுவில் ஓடும் குழாயை இறுக்கிவிடும். சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, விட்டுவிட்டு வருவது, போன பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுவது, இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

கொதிநீர் பட்டால் சுடும். ஆனால் இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி அதைவிடக் கடுமையாகச் சுடும். ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராக மாறும்போது மட்டும் ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு இறங்கும்போது வெளிவிடுவது 63 கலோரிதான். நீராவிச் சிகிச்சையின் அடிப்படை இந்தக் கணக்கே. சிறுநீர்ப் பாதை வழியாக உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்து ஓர் ஊசியைச் சுரப்பிக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது விநாடி ஆவி பாய்கிறது. ஒரு முறைக்குச் செலவாகும் நீர் அரை மில்லிலிட்டர்கூட இல்லை. சுரப்பியின் அளவைப் பொறுத்துச் சில இடங்களில் இதைத் திரும்பச் செய்கிறார்கள். ஆவி செல்களுக்கு இடையே பரவிக் குளிர்கிறது. அந்தச் சூட்டில் செல்கள் இறக்கின்றன.

ஆனால் இறந்த சதை அங்கேயேதான் இருக்கிறது. காலங்காலமாகச் செய்துவரும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷனில், மருத்துவர் சதையைச் சீவி அன்றே கழுவி வெளியே எடுத்துவிடுவார். நீராவிச் சிகிச்சையில் அந்த அகற்றும் வேலையை உடலே செய்ய வேண்டும். காயம்பட்ட இடம் முதலில் வீங்கும். பிறகு உடலின் துப்புரவுச் செல்கள் இறந்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உட்கொள்ளும். சிறு துணுக்குகள் சிறுநீரோடும் வெளியேறும். எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் அந்தக் காயங்கள் ஏறக்குறைய மறைந்து, புராஸ்டேட்டின் கன அளவு சராசரியாக நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தது. குணமாகும் காலத்தில் நேரும் ஒவ்வொரு சங்கடத்துக்கும் காரணம் இந்த வீக்கமும் கரைதலும்தான்.

டியூபோடு சில நாட்கள்

சுரப்பி வீங்கினால் ஏற்கெனவே குறுகிய பாதை இன்னும் குறுகும். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்தவுடன் கதீட்டர் போட்டு அனுப்புகிறார்கள். வீட்டில் எல்லோரும் ‘யூரின் டியூப்’ என்று சொல்வது இதைத்தான். சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள் இருக்கும். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கும், முன்பே சிறுநீர் அடைத்து டியூபோடு வந்தவர்களுக்கும் கூடுதல் நாட்கள் ஆகலாம். நுனியில் சிறு பலூன் வைத்து உள்ளேயே தங்கும்படி இந்த டியூபை 1930களில் வடிவமைத்த பிரெடெரிக் ஃபோலியும் மினசோட்டாக்காரர்தான்.

டியூப் இருக்கும்போது நோயாளியை அதிகம் பயமுறுத்துவது ஒரு விசித்திர உணர்வு: பை காலியாகவே இருக்கும், ஆனால் அவசரமாகச் சிறுநீர் வருவதுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் பலூன் சிறுநீர்ப்பையின் சுவரை உரசுவதால் தசை சுண்டி இழுக்கிறது. அந்த நேரத்தில் முக்கக் கூடாது. முக்கினால் டியூபின் ஓரமாகச் சிறுநீர் கசியும், கொஞ்சம் ரத்தமும் வரும். மூச்சை நிதானமாக விட்டு, சற்று நேரம் காத்திருந்தால் அடங்கிவிடும். அடிக்கடி வந்தால் அதற்கு மாத்திரை உண்டு.

யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். படுக்கையில் மேலே தூக்கி வைத்தால் பையில் உள்ளது திரும்ப உள்ளே ஓடும். டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால், திரும்பிப் படுக்கும்போது இழுபடாது. டியூப் நுழையும் இடத்தைத் தினம் இருமுறை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். பவுடரோ கிருமிநாசினியோ தேவையில்லை. பையில் பல மணி நேரம் ஒரு சொட்டும் இறங்காமல், அடிவயிறு கல்போல் ஆகி வலித்தால் டியூப் அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டியூபை எடுக்கும் நாள் ஒரு சிறு தேர்வு. முதலில் டியூப் வழியாகவே சிறுநீர்ப்பையில் உப்புநீரை நிரப்புவது பல இடங்களில் வழக்கம். பிறகு சிரிஞ்சால் பலூன் நீரை உறிஞ்சி டியூபை உருவுகிறார்கள். நோயாளி அளவு குறித்த பாத்திரத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள். மிச்சம் அதிகமென்றால் டியூப் திரும்ப உள்ளே போகும். பலர் இதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு மனம் ஒடிந்துவிடுகிறார்கள். வீக்கம் வடிய இன்னும் சில நாள் வேண்டும் என்பதற்கு மேல் அதில் பொருளில்லை.

‘செய்யாமலே இருந்திருக்கலாமோ?’

டியூப் போன பின் வரும் இரண்டு மூன்று வாரங்கள்தான் மனத்தை அதிகம் சோதிப்பவை. ஆபரேஷன் முடிந்தது, டியூபும் போய்விட்டது, இனி அருவி மாதிரி கொட்டும் என்று எதிர்பார்த்தவருக்கு, நீர்க்கடுப்பும் அவசரமும் அரை மணிக்கொரு தடவை பாத்ரூம் நடையும் வாய்க்கின்றன. ‘செய்யாமலே இருந்திருக்கலாமோ’ என்ற பேச்சு வீட்டில் எழுவது பெரும்பாலும் இப்போதுதான். கரைந்துகொண்டிருக்கும் சதையின் மேல் சிறுநீர் பட்டால் எரியத்தான் செய்யும். சிகிச்சை வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம் இல்லை.

சிறுநீர் வெளிறிய ரோஜா நிறத்தில் வருவதும், சில நாள் தெளிந்து மறுபடி சிவப்பதும் இயல்பு. சில துளி ரத்தமே ஒரு சொம்பு நீரைச் சிவப்பாக்கிவிடும். சாம்பல் நிறத் துணுக்குகள் வந்தாலும் கவலை வேண்டாம். தக்காளிச் சாறு போலக் கெட்டியாகவோ, கட்டிகட்டியாகவோ ரத்தம் வந்தால் கதை வேறு. குளிரோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீர் அறவே நின்றுபோவது ஆகியவையும் அந்த வகையே. இவற்றுக்கு இரவு பகல் பாராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

‘நிறையத் தண்ணீர் குடிங்க’ என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவு குடித்தால் போதும். வீம்புக்கு நான்கு ஐந்து லிட்டர் குடிப்பது பாத்ரூம் நடையைத்தான் கூட்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்தும்கூட. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைத்துக்கொள்வது நல்லது. காபியும் டீயும் சிறுநீர்ப்பையைத் தூண்டுபவை. காலை ஃபில்டர் காபியை அடியோடு விட முடியாதவர் பாதி டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். மதுவை இந்த வாரங்களில் தொடாமல் இருப்பதே உத்தமம்.

மலச்சிக்கலைப் பற்றி டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரிதான் இருக்கும். ஆனால் முக்கிப் போனால் காயம் திறந்து ரத்தம் வரும் என்பதால், வாழைப்பழம், கீரை, தேவைப்பட்டால் மலமிளக்கி என்று வயிற்றை இளகலாக வைத்திருப்பது மாத்திரை அளவுக்கே முக்கியம். நடக்கலாம், நடப்பது நல்லது. தண்ணீர்க் கேன், சிலிண்டர் போன்ற பாரங்களைத் தூக்கக் கூடாது. வேகத்தடைகளில் ஏறி இறங்கும் இரு சக்கர வாகனம், சைக்கிள் இரண்டையும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவைக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. டாம்சுலோசின் போன்ற பழைய மாத்திரைகளை ‘ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே’ என்று தானாக நிறுத்தக் கூடாது. வீக்கம் வடியும்வரை அவற்றுக்கு வேலை இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும் மருந்தோ, அதன் தசையைத் தளர்த்தும் மருந்தோ கலந்திருக்கும். இந்த நிலையில் ஒரு ஜலதோஷ மாத்திரையே சிறுநீரை அடைத்துவிடலாம்.

தாம்பத்தியத்தைப் பற்றி வாய்திறந்து கேட்பவர் குறைவு. டியூப் போய், எரிச்சல் அடங்கிய பின், மருத்துவர் சொல்லும் வாரத்திலிருந்து தடையில்லை. முதல் சில முறை விந்து பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கலாம்; அது பழைய ரத்தம், தானே மறையும். டி.யு.ஆர்.பி.க்குப் பின் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடுகிறது. நீராவிச் சிகிச்சையில் அப்படி ஆவது மிகச் சிலருக்கே. பலர் இந்த முறையைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் இதுதான்.

எண்களில் முன்னேற்றம்

முன்னேற்றத்தை அளக்கச் சர்வதேச புராஸ்டேட் அறிகுறி மதிப்பெண் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, இங்கே குறைவாக எடுப்பவரே தேறியவர். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. அமெரிக்காவில் 15 மையங்களில் 197 பேரிடம் நடந்த சோதனையில், ஒரு பிரிவினருக்குச் சிகிச்சையும் மற்றவர்களுக்குச் சிகிச்சை போன்ற பாவனையும் செய்தார்கள். சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பெண், 22 என்ற அளவிலிருந்து மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு முடிவிலும் அந்தப் பலன் பெரும்பாலும் நிலைத்தது. அதற்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 4.4 பேர்.

கடைசியாகச் சரியாவது இரவில் எழுந்திருப்பதுதான். சிலருக்கு அது முழுதாகச் சரியாவதே இல்லை. சர்க்கரை நோய், கால்வீக்கம், தூக்கத்தில் மூச்சு தடைபடுதல் என்று அதற்குப் புராஸ்டேட்டோடு சம்பந்தமில்லாத காரணங்கள் பல உண்டு. ஆண்டுக்கணக்கில் அடைப்போடு போராடித் தளர்ந்துபோன சிறுநீர்ப்பையும் முழுதாகத் தேறாமல் போகலாம். பாதை திறந்தாலும், தள்ளும் தசைக்கு வலு இல்லையென்றால் தாரை மெல்லியதாகவே இருக்கும்.

இதே வகையிலான பிற முறைகள்

யூரோலிஃப்ட் முறையில் சுரப்பியின் மடல்களை நூல் போன்ற சிறு பொருத்துகளால் இருபுறமும் இழுத்துக் கட்டிப் பாதையைத் திறக்கிறார்கள். சதை எதுவும் சாகாததால் பலருக்கு டியூபே தேவைப்படுவதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்புகிறார்கள். அதன் முக்கியச் சோதனையில் ஐந்து ஆண்டுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 13.6 பேர். சோதனைகள் வேறுவேறானவை என்பதால் எண்ணோடு எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும், சீக்கிரம் தேறுவதற்கும் நெடுநாள் நிலைப்பதற்கும் இடையே ஒரு பேரம் இருப்பது இதில் தெரிகிறது. தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகச் சென்று புராஸ்டேட்டுக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் முறையிலும் பலன் மெதுவாகவே தெரியும். முதல் சில நாள் வலியும் லேசான காய்ச்சலும் வரலாம்.

பிற்காலத்தில்

டி.யு.ஆர்.பி.யில் சீவி எடுத்த சதை பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். நீராவிச் சிகிச்சையில் அனுப்ப எதுவும் இல்லை. சுரப்பியும் உள்ளேயேதான் இருக்கிறது. எனவே புற்றுநோய் இல்லை என்று முன்பே பார்த்துக்கொள்வதும், பின்னர் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைத் தொடர்வதும் அவசியம். சிகிச்சையை அடுத்துச் சில வாரங்கள் பி.எஸ்.ஏ. தானே ஏறி நிற்கும். அப்போது பரிசோதித்துக் கலங்க வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சை, எந்தத் தேதி, அதற்கு முன் பி.எஸ்.ஏ. எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உடலில் தழும்பு எதுவும் இருக்காது; ஐந்து வருடம் கழித்துப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும்.