ஐந்து ஈயப் பெட்டிகள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் போன மாதமே கேட்டுவிட்டார். ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியும், வகுப்பறைக் குறும்புகளைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் வரலாற்றுத் துறை மாணவன். எனவே ஒரு கல்லறையைப் பற்றி எழுதுகிறேன். சந்திப்பு விழா மலரில் கல்லறையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

1492 என்றதும் நமக்கெல்லாம் கொலம்பஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். அது இரண்டு மார்க் கேள்வி. ஆனால் அதே ஆண்டில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜனவரி 2-ஆம் தேதி ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா, இசபெல்லா ராணியிடமும் அவர் கணவர் பெர்டினாண்டு மன்னரிடமும் சரணடைந்தது. மார்ச் 31-ஆம் தேதி, அதே கிரனாடாவில் வைத்து, யூதர்கள் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற ஆணையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். கொலம்பஸுடன் ஒப்பந்தம் ஏப்ரல் 17-ஆம் தேதி, பக்கத்திலிருந்த சாந்தா ஃபே என்ற முற்றுகை முகாமில். ஆக மூன்றும் நாலு மாதத்துக்குள், ஒரே வட்டாரத்தில்! அந்த இருவரும் அடக்கமாகியிருக்கும் இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் வாய்த்தது. மாட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரப் பயணம்.

அரசர் உடலை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயிலை நம் கல்வெட்டுகள் 'பள்ளிப்படை' என்கின்றன. கிரனாடாவின் 'காப்பில்யா ரியால்', அதாவது அரச சிற்றாலயம், அப்படிப்பட்டதுதான். 1504 செப்டம்பரில் அரச தம்பதியர் இதற்கான சாசனம் பிறப்பித்தார்கள். நவம்பர் 26-ஆம் தேதி ராணி காலமாகிவிட்டார். கட்டடம் 1505-இல் தொடங்கி 1517-இல் முடிந்தது. மன்னரும் 1516-இல் போய்விட்டார். இரண்டு பேருமே முடிந்த கட்டடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை! அதுவரை அவர்கள் உடல்கள் அல்ஹம்ப்ரா குன்றின் மேலிருந்த பிரான்சிஸ்கன் மடத்தில் கிடந்தன. 1521-இல்தான் பேரன் ஐந்தாம் சார்லஸ் இங்கே கொண்டுவந்தார்.

உள்ளே நுழைந்ததும் குறுக்கே ஓர் இரும்புக் கிராதி. ஹயேன் ஊர்க்காரரான பார்த்தொலொமே என்ற கொல்லர் செய்தது. முலாம் பூசிய கம்பிகள், உச்சியில் புனிதர்களின் கதைகள். இரும்பை இப்படியும் வளைக்க முடியுமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம். கிராதியைத் தாண்டினால் இரண்டு பளிங்கு மேடைகள். ஒன்றில் பெர்டினாண்டும் இசபெல்லாவும். மற்றதில் மகள் ஹுவானாவும் மருமகன் பிலிப்பும். முதலாவதை பான்செல்லி என்ற இத்தாலியச் சிற்பி செய்தார். ராணியின் தலை, தலையணையில் மன்னரின் தலையைவிடக் கொஞ்சம் அதிகமாக அமுங்கியிருக்கிறது. "அவளுக்கு மூளை கனம் அதிகம், அதனால்தான்" என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

ஆனால் பளிங்கு மேடைக்குள் யாரும் இல்லை. பக்கத்தில் உள்ள குறுகலான படிகளில் இறங்கினால் ஒரு சின்ன அறை. அதில் ஐந்து ஈயப் பெட்டிகள். கறுத்துப்போன, வேலைப்பாடு எதுவும் இல்லாத பெட்டிகள். தன்னைப் பிரான்சிஸ்கன் அங்கி உடுத்தி, ஆடம்பரமில்லாமல் ஒரு சாதாரணக் கல்லின் கீழ் புதைக்க வேண்டும், கணவர் வேறிடம் தேர்ந்தெடுத்தால் அங்கே தன்னையும் மாற்ற வேண்டும் என்பது இசபெல்லாவின் உயிலில் உள்ள விருப்பம். மேலே பளிங்கு, கீழே ஈயம். அவர் கேட்டது கீழேதான் கிடைத்திருக்கிறது.

நாலு பெட்டிகள் மேலே சிலையாக இருப்பவர்களுடையவை. ஐந்தாவது மிகச் சிறியது. அது இசபெல்லாவின் பேரக் குழந்தை மிகேலுடையது. தகப்பன் போர்ச்சுகல் மன்னன் மானுவேல். வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினாரே, அந்த 1498-ஆம் ஆண்டில்தான் இந்தக் குழந்தையும் பிறந்தது. பிரசவத்திலேயே தாய் இறந்துபோனாள். பிழைத்திருந்தால் காஸ்தில், அரகான், போர்ச்சுகல் மூன்றுக்கும் இவனே அரசன். 1500-இல், இரண்டு வயது நிரம்பும் முன்பே, இதே கிரனாடாவில் கண்ணை மூடிவிட்டான்.

ஹுவானாவின் கதை இன்னும் கொடுமை. கணவன் பிலிப் 1506-இல் 28 வயதில் இறந்தான். 'பைத்தியக்கார ஹுவானா' என்றுதான் ஊர் உலகம் அவளுக்குப் பெயர் வைத்தது. 1509-இல் தந்தை அவளை தோர்தெசில்யாஸ் என்ற ஊரில் அடைத்து வைத்தார். பிறகு வந்த மகன் சார்லசும் திறந்துவிடவில்லை. 46 வருஷம்! 1555-இல் 75 வயதில் சாகும்வரை சட்டப்படி அவள்தான் ராணி. பைத்தியமா, அரசியலா என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1574-இல் அவள் உடல் இங்கே வந்து சேர்ந்தது. அதே வருஷம் இரண்டாம் பிலிப், இங்கிருந்த தன் தாயார் உட்படச் சிலருடைய உடல்களை, மாட்ரிட் அருகே தான் எழுப்பிய எஸ்கோரியாலுக்குக் கொண்டுபோய்விட்டார். வம்சத்துக்கே கல்லறையாக இருந்திருக்க வேண்டிய இடம், இப்படித்தான் ஐந்து பெட்டிகளோடு நின்றுபோனது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பீடத்தில் பெலிபே பிகார்னி செய்த மரச் சிற்பங்களில் ஒரு காட்சி, கிரனாடா மன்னன் போவாப்தில் நகரத்தின் சாவியோடு வருவது. இன்னொன்று, முஸ்லிம்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெறுவது. பார்க்க அழகான வேலை. ஆனால் 1491 நவம்பரில் எழுதிய சரணடைவு ஒப்பந்தம் என்ன சொல்கிறது தெரியுமா? அவர்கள் மசூதியும் சட்டமும் சொத்தும் அவர்களிடமே இருக்கும், யாரையும் கட்டாயமாக மதம் மாற்றக் கூடாது என்கிறது. எட்டே வருஷத்தில், 1499-இல், சிஸ்னேரோஸ் என்ற பேராயர் வந்து மொத்தம் மொத்தமாக ஞானஸ்நானம் கொடுத்தார். அரபு நூல்களை பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் கொளுத்தினார்கள். மருத்துவ நூல்களை மட்டும், அல்கலாவில் அவர் அமைத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்காக எடுத்து வைத்தார்களாம். 1502-இல் காஸ்தில் முழுவதும் 'ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம்' என்ற ஆணை வந்தது. மாறியவர்களின் சந்ததியையும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்திவிட்டார்கள். கல்லறையின் லத்தீன் வாசகமோ இஸ்லாத்தை வீழ்த்தியதையும், மாற்றுக் கொள்கையினரை ஒழித்ததையும் பெருமையாகப் பேசுகிறது. ஒப்பந்தத்தைப் பற்றி அங்கே ஒரு வரி கிடையாது.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. இன்றும் ஒவ்வொரு ஜனவரி 2-ஆம் தேதியும் வெற்றி நாள் கொண்டாடுகிறார்கள். அரச சிற்றாலயத்தில் கொடியை அசைத்து, நகர்மன்ற மாடத்திலிருந்தும் அசைக்கிறார்கள். இது வேண்டாம் என்று எதிர்ப்புக் குரல் கொடுப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

தெருவைக் கடந்தால், சிற்றாலயத்துக்கு நேர் எதிரே, இன்னொரு கட்டடம். 1349-இல் முதலாம் யூசுப் என்ற சுல்தான் நிறுவிய மதரசா. கிரனாடாவின் உயர்கல்விக் கூடம். 1500-இல் அதை மூடி நகர்மன்றமாக்கினார்கள். வெளி முகப்பை 18-ஆம் நூற்றாண்டில் மாற்றிவிட்டார்கள். ஆனால் உள்ளே அந்தத் தொழுகை அறை நிற்கிறது, நுணுக்கமான சுதை வேலைப்பாட்டோடும் அரபு எழுத்துகளோடும். இப்போது அந்தக் கட்டடம் கிரனாடா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. நான் போனபோது கையில் நோட்டுப் புத்தகத்தோடு நாலைந்து மாணவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை 1531-இல் நிறுவியவர் யார்? பளிங்குக்குக் கீழே தாத்தா பாட்டியைக் கொண்டுவந்து வைத்த அதே ஐந்தாம் சார்லஸ்தான். வரலாறு இப்படியெல்லாம் முடிச்சுப் போடும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் யாராவது ஒரு நாள் கிரனாடா போவீர்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ, ஏதோ ஒன்றுக்கு. போனால், முதலில் மதரசாவைப் பாருங்கள், பிறகு சிற்றாலயத்துக்குள் போங்கள். 1491 ஒப்பந்தத்தின் ஷரத்துகளை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லறையின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்க அது வேண்டும். படியிறங்கும்போது தலை குனிந்து பார்த்து இறங்குங்கள். அந்தச் சின்னப் பெட்டி ஓரமாக இருக்கும். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.