நீரிழிவும் பத்தியமும்

சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் நம்மவர் வழங்கும் நோய்க்கு வடமொழி மருத்துவ நூலார் மதுமேகம் எனப் பெயரிட்டனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதைக் கண்டு, அந்நீரின் இனிமையை அவர்கள் உய்த்துணர்ந்தனர். அவர்களுள் சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதை இன்னுமோர் அடி முன்சென்று இந்நோயை இரண்டாக வகுத்தது. பிறவியோடு தொடர்ந்து வருவது ஒன்று. உணவும் நடையும் பிழைத்தமையால் வருவது மற்றொன்று. முன்னதிற் பட்டவன் மெலிந்து வாடுவான். பின்னதிற் பட்டவன் பருத்திருப்பான், உண்பதிலும் உறங்குவதிலும் விருப்பம் மிக்கவனாயிருப்பான். மெலிந்தவனுக்கு ஊட்டம் அளிக்க வேண்டும். பருத்தவனுக்கு உணவைச் சுருக்க வேண்டும். பொருளும் சுற்றமும் இல்லாத நோயாளி காலணியும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடந்து செல்லட்டும், அல்லது கிணறு தோண்டட்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. கடுமையான வைத்தியந்தான், ஆயினும் பொருளற்ற பரிகாரம் அன்று.

இவ்விரு வகையினரையும் வேறுபிரித்தறியாமல் ஐரோப்பிய மருத்துவம் பல காலம் நடந்தது. அக்காலத்திலே ஒரே பத்தியம் சிலரைக் காத்தது, சிலரை உருக்கியது.

1674 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிக்கின்றதென எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1776 இல், லிவர்பூல் நகர வைத்தியரான மத்தியூ டொப்சன் அந்நீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சியது சீனியே எனக் காட்டினார். இரத்தத்தின் தெளிநீரும் இனிப்பதை அவர் கண்டார். ஆகவே சீனி சிறுநீரகத்திற் பிறப்பதன்று, இரத்தத்திலிருந்தே வருகின்றது என்பது தெளிவாயிற்று. அங்ஙனமாயின் இரத்தத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

உண்ணும் மரக்கறியையும் தானியத்தையும் இரைப்பை பிழைபட்டுச் சீனியாக்குகின்றது என்பது பிரித்தானியப் பீரங்கிப் படையின் தலைமை வைத்தியரான ஜோன் றொல்லோ கொண்ட முடிவு. இரைப்பையைக் குற்றஞ்சாட்டியது தவறு. உணவுத் தட்டை நோக்கியது சரி. முன்னர்ப் பருத்திருந்து பின்னர் உடல் மெலியத் தொடங்கிய மெரடித் என்னும் படைத்தலைவருக்குப் பாலும் சுண்ணாம்பு நீரும், இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டமும், பழைய கொழுத்த இறைச்சியும் விதித்தார். பாண் மிகச் சிறிதளவே அனுமதிக்கப்பட்டது. மெரடித் தேறினார். றொல்லோவின் இரண்டாம் நோயாளி முதிய சேனாபதி ஒருவர். படைகளுக்குக் கட்டளையிட்டுப் பழகிய அவருக்கு வைத்தியரின் கட்டளைப்படி உண்ணுதல் இயலவில்லை. அவர் பத்தியத்தில் நிலைக்கவுமில்லை, பிழைக்கவுமில்லை. 1797 இல் வெளிவந்த தம் நூலில் றொல்லோ இவ்விருவர் வரலாற்றையும் எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாரிஸ் நகரத்தில் முற்றும் மாறான இரு கொள்கைகள் நிலவின. சிறுநீரிற் கழிந்த சீனியை ஈடுசெய்யச் சீனியை நிறையக் கொடுக்க வேண்டும் என்றார் பியொரி. கொடுத்தலாகாது என்றார் அப்பொலினேர் புஷார்டா. இவ்வழக்கைத் தீர்க்கப் போர் சாட்சி சொல்லிற்று. 1870 செப்டம்பரிற் பிரசியப் படை பாரிஸை வளைத்தது. குதிரை இறைச்சியும் எலியிறைச்சியும் விலையாயின. மிருகக்காட்சிச் சாலையின் யானைகளும் கறியாயின. நகரம் பட்டினியால் நலிந்த அந்த மாதங்களில், புஷார்டாவின் நோயாளிகள் சிலரது சிறுநீரிலிருந்து சீனி மறைந்து போயிற்று! 1871 சனவரியிற் போர் ஓய்ந்தபின் அவர் இயன்ற அளவு குறைவாக உண்ணும்படி நோயாளிகளுக்குப் போதித்தார். சீனியையும் மாப்பொருளையும் விலக்கி, பச்சிலைக் கறிகளை உண்டு, உடல் வியர்க்க உழைக்கும்படி பணித்தார். தம் சிறுநீரைத் தாமே நாள்தோறும் சோதிக்கவும் அவர்களுக்குக் கற்பித்தார்.

1889 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் மிங்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் சதையியை, அதாவது கணையத்தை, அகற்றினர். நாய்க்கு நீரிழிவு வந்தது. நோயின் இருப்பிடம் தெரிந்தது. மருந்து தெரிய மேலும் 33 ஆண்டுகள் சென்றன.

அவ்விடைக்காலத்திற் பத்தியம் தன் கொடிய முகத்தைக் காட்டிற்று. நியூயோர்க்கில் றொக்பெல்லர் ஆய்வுநிலையத்தின் பிரெடெரிக் அலன், சிறுநீரிற் சீனி மறையும்வரை நோயாளியைப் பட்டினியிட்டு, பின்னர் சீனி தோன்றாத அளவுக்கு மட்டும் உணவு கொடுத்தார். பொஸ்ரனில் எலியட் ஜொஸ்லினும் இம்முறையைக் கைக்கொண்டார். பருத்த நடுவயதினருக்கு இது நன்மை செய்தது. சிறுவர்க்கோ மரணத்தைச் சில மாதங்கள், அல்லது ஓரிரு ஆண்டுகள், தள்ளிவைத்ததே அதன் பயன். அலனிடம் இருந்த பார்வையிழந்த 12 வயதுப் பையன் ஒருவனுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சீனி நீங்கவில்லை. விசாரித்தபோது, பசி பொறுக்காத அப்பிள்ளை பற்பசையையும் கூட்டிலிருந்த பறவையின் தீனியையும் தின்றமை வெளியாயிற்று. அலனைக் கொடியர் எனல் தகாது. வேறு வழியெதுவும் அன்று உலகில் எவரிடத்திலும் இருக்கவில்லை. பெற்றோரும் அதை அறிந்தே குழந்தைகளை அவரிடம் விட்டனர்.

அமெரிக்க அரசியற்றலைவர் சாள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பாரின் மகள் எலிசபெத்துக்கு 1919 இல் நோய் கண்டது. மூன்றாண்டுகள் அலனின் பத்தியத்தைப் பிசகாது காத்தாள். 1922 ஓகஸ்ட் மாதம், 15 வயது நிரம்பும் தறுவாயில், அவள் நிறை ஏறத்தாழ 45 இறாத்தலே. அவ்வாண்டு சனவரியில் ரொறன்ரோவில் லெனாட் தொம்சன் என்னும் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டு அவன் தேறியிருந்தான். எலிசபெத்தும் ரொறன்ரோவுக்குச் சென்று பன்றிங்கின் கையால் இன்சுலின் பெற்றாள். மீண்டும் பாண் உண்டாள். அவர் 1981 வரை வாழ்ந்தார்.

இன்சுலின் ஊசியே பழைய வேற்றுமையையும் மீண்டும் புலப்படுத்திற்று. 1936 இல் இலண்டனின் ஹரல்ட் ஹிம்ஸ்வேத், நோயாளருக்குக் குளுக்கோசைப் பருகக் கொடுத்து உடனே இன்சுலினும் செலுத்திப் பார்த்தார். சிலரிடம் இரத்தத்திற் சீனி அடங்கிற்று. வேறு சிலரிடம் இன்சுலின் சென்றும் அது அடங்கவில்லை. முன்னவர்க்கு இன்சுலின் இல்லாமை குறை. பின்னவர்க்கு உடல் அதற்கு இணங்காமை குறை. இன்று முதலாம் வகை, இரண்டாம் வகை என வழங்கும் பிரிவு பெரும்பாலும் இவ்வழி வந்ததே. புஷார்டா கண்ட பசியின் நன்மை இரண்டாம் வகையினர்க்கு உரியது. முதலாம் வகையினர் இன்சுலினை நிறுத்திப் பத்தியத்தை மட்டும் நம்பினால் உயிருக்கே இறுதி.

1950களில் மாத்திரைகள் வந்தபின் பட்டினி வைத்தியம் பழங்கதை எனக் கருதப்பட்டது. 2011 இல் நியூகாசில் நகரப் பேராசிரியர் றோய் ரெய்லர் அதனை மீண்டும் கையிலெடுத்தார். இரண்டாம் வகை நோயாளர் 11 பேர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரியுடன் எட்டு வாரம் இருந்தனர். ஒரு வாரத்துக்குள் வெறுவயிற்றுச் சீனி இயல்பான அளவுக்கு இறங்கிற்று. ஈரலிலும் சதையியிலும் படிந்திருந்த கொழுப்பும் குறைந்தது. 2017 இல் வெளியான பெரிய ஆய்வில் அவரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் ஏறக்குறைய 300 பேரை எடுத்துக்கொண்டனர். பாதிப்பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் நீருணவு. சோறாகக் கணக்கிட்டால் நாள் முழுவதற்கும் 600 கிராமுக்குச் சற்று மேல். கறியும் இல்லை, பழமும் இல்லை. ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 வீதத்தினர் மாத்திரையின்றியே நோய் தணிந்திருந்தனர்; வழமையான வைத்தியம் பெற்றோருள் 4 வீதத்தினரே அந்நிலையை எய்தினர். 15 கிலோவும் அதற்கு மேலும் நிறை குறைத்தவர்களுள் இத்தொகை 86 வீதம்.

இரண்டாண்டு முடிவில் 46 என்பது 36 ஆயிற்று. ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 85 பேருள் நோய் தணிந்தே இருந்தோர் 11 பேர் என 2024 இல் அறிவிக்கப்பட்டது. நிறை திரும்பியவர்க்குச் சீனியும் பெரும்பாலும் திரும்பிற்று. நோய் கண்டு ஆறாண்டு கடந்தவர்களும் இன்சுலின் ஏற்றுபவர்களும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. சேர்ந்தவர்களின் மாத்திரைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன. தாதியரும் உணவு ஆலோசகரும் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தனர்.