நள்ளிரவு மணி



சென்ற வாரம் மகனின் மின்சாரக் காரில் திருவாரூரிலிருந்து ராமேஸ்வரம் போனோம். வழியில் ஒரு சார்ஜிங் நிலையம் பழுது. அடுத்ததில் வேறொரு ஆப் வேண்டுமாம். விசாரிக்க ஆளே இல்லை. இரவு பத்து மணி, பேரன் பசியில் அழுகிறான்.

ஒரத்தநாட்டுச் சத்திரம் நினைவுக்கு வந்தது. ராமேஸ்வர யாத்திரிகர்களுக்காக இரண்டாம் சரபோஜி 1802-இல் முத்தாம்பாள் பெயரில் கட்டியது. சத்திரங்களின் நடைமுறையை 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார்: எல்லாச் சாதியினருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால். பகலில் சாப்பாடு தவறியவர்களை நள்ளிரவில் மணியடித்து அழைப்பார்கள். செலவுக்கு மானிய நிலம் இருந்தது.

அன்று கட்டடத்தோடு கவனிக்க ஆளையும் வைத்தார்கள். இன்று இயந்திரத்தை மட்டும் நட்டுவிட்டுப் போகிறோம். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், மணியடிக்க ஒரு ஆளை வையுங்கள்.