ஆக்டினோமைசின் டி

ஆக்டினோமைசின் டி என்பது டி.என்.ஏ.வுடன் பிணையும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பொருள் ஆகும். ஆக்டினோமைசின்களுள் முதலாவதை 1940 இல் செல்மன் வாக்ஸ்மன், பாய்ட் உட்ரஃப் ஆகியோர் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தனர்.

இம்மூலக்கூறின் தட்டையான வளையப்பகுதி டி.என்.ஏ.யின் குவானின்-சைட்டோசின் இணைகளுக்கு இடையே செருகிக்கொள்கிறது. இரு பெப்டைட்டு வளையங்கள் சிறுபள்ளத்தில் படிகின்றன.

விடுபடும் வேகம்

பெப்டைட்டு வளையமற்ற எத்திடியம் போன்ற சேர்மங்கள் டி.என்.ஏ.யிலிருந்து ஒரு நொடிக்குள் விலகுகின்றன. ஆக்டினோமைசின் விலகப் பல நிமிடங்கள் ஆகும் என்பதை முல்லர், குரோதர்ஸ் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அவ்வளவு நேரமும் ஆர்.என்.ஏ. பாலிமரேசு என்னும் நொதியின் வழி அடைபடுவதால் ஆர்.என்.ஏ. உருவாக்கம் தடைப்படுகிறது.

பயன்பாடு

நலமான உயிரணுக்களையும் இது தாக்குவதால் நோய்த்தொற்றுகளுக்கு வழங்கப்படுவதில்லை. குழந்தைகளுக்கு வரும் வில்ம்சு கட்டி என்னும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது.