நடக்காத கலவரத்தின் வரலாறு

கலவரம் நடந்த ஊர்களுக்கு வரலாற்றில் எளிதில் இடம் கிடைத்துவிடுகிறது. விசாரணை ஆணையம் அமர்கிறது, சாட்சிகள் விசாரிக்கப்படுகிறார்கள், இறந்தோரின் எண்ணிக்கை சமயவாரியாகப் பட்டியலிடப்படுகிறது. பிற்காலத்தில் ஆய்வாளன் நூலகத்தில் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்க்க முடிகிறது. கலவரம் நடந்திருக்க வேண்டிய நாளில் அது நடக்காமற் போன ஊருக்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை. அங்கே என்ன நிகழ்ந்தது என்று கேட்க எந்த ஆணையமும் அமர்வதில்லை. அமைதி தன்னைப் பற்றிய ஆவணங்களை விட்டுச் செல்லும் வழக்கமுடையதன்று.

அத்தகைய ஓர் ஊரைப் பற்றியும், அங்கே பல சமயத்தாரும் கூடி அமர்ந்த சிறு குழுக்களைப் பற்றியும் சில செய்திகளைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரின் பெயர் பிவண்டி. பம்பாயை அடுத்துள்ள தானே மாவட்டத்தில் இருக்கிறது. நம்மூர்ச் சோமனூரையும் பள்ளிபாளையத்தையும் அறிந்தவர்களுக்கு அதன் முகத்தைக் கற்பனை செய்வது கடினமன்று. விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் ஓயாத ஊர். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த அன்சாரி முஸ்லிம் நெசவாளர்கள், தெலங்கானாவிலிருந்து வந்த பத்மசாலி நெசவாளர்கள், மராட்டியர், குஜராத்தி வணிகர் எனப் பலரும் ஒருவர் உழைப்பில் ஒருவர் பிழைக்கும் இடம்.

ஒருவரை ஒருவர் சார்ந்து பிழைப்பதனாலேயே சண்டை வராது என்று நாம் நம்ப விரும்புகிறோம். பிவண்டியின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 1970 மே மாதம் சிவாஜி ஜயந்தி ஊர்வலத்தை ஒட்டி அங்கே பெருங்கலவரம் மூண்டது. நீதிபதி டி.பி. மதோன் ஆணையத்தின் விரிவான அறிக்கை அதைப் பற்றியதுதான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1984 மே மாதத்தில், மீண்டும் தீ. அம்முறை அது பிவண்டியோடு நில்லாமல் தானேக்கும் பம்பாய்க்கும் பரவி இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நாட்டிலேயே கலவரத்துக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்றாகப் பிவண்டி எண்ணப்பட்டது.

இந்நிலையில் 1988இல் காவல் துறைத் துணை ஆணையராக அங்கே பொறுப்பேற்றவர் சுரேஷ் கோப்டே. ஊரெங்கும் அவர் ஏற்படுத்திய மொஹல்லா கமிட்டிகள் ஏறத்தாழ எழுபது. 'மொஹல்லா' என்பது நமக்கு முற்றிலும் அயலான சொல்லன்று. ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பைத் தமிழ் முஸ்லிம்கள் 'மஹல்லா' என்றே வழங்குகிறார்கள். வடக்கே அச்சொல் சமய எல்லை கடந்து, தெரு, பேட்டை என்ற பொதுப்பொருளில் வழங்குகிறது.

அதற்கு முன்பும் சமாதானக் குழுக்கள் இருந்தன. எல்லா ஊர்களிலும் அவை உண்டு. பதற்றம் ஏற்பட்டவுடன் மாவட்ட ஆட்சியர் ஓர் இமாமையும் ஒரு கோயில் அறங்காவலரையும் ஒரு பாதிரியாரையும் கட்சிக்கு ஒருவரையும் அழைத்து உட்கார வைப்பார். தேநீர் தரப்படும். கைகோத்து நிற்கும் படம் மறுநாள் நாளிதழில் வெளிவரும். பிரமுகர்கள் வீடு திரும்பியதும் குழுவும் கலைந்துவிடும். இவர்களுள் எவரும் நள்ளிரவில் வதந்தி நுழையும் சந்தில் குடியிருப்பவர் அல்லர் என்பதே இக்குழுக்களின் அடிப்படைக் குறை.

கோப்டேயின் குழுக்கள் பிரமுகர்களைத் தேடிப் போகவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில், அதே தெருவில் வாழும் சாதாரண மனிதர்கள் சேர்க்கப்பட்டனர். குற்றப் பின்னணி உடையவர்களுக்கும் மதவெறியைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கும் இடமில்லை. பொறுப்பு உயர் அதிகாரியிடம் குவியாமல், அத்தெருவை அறிந்த கீழ்நிலைக் காவலர்களிடம் விடப்பட்டது. எல்லாவற்றினும் முக்கியமானது, இக்குழுக்கள் கலவரம் இல்லாத நாட்களில் கூடின என்பதே. பேசப்பட்டவையும் சமய நல்லிணக்கம் பற்றிய பேருரைகள் அல்ல. தெருவின் அன்றாடக் குறைகளும் அண்டை வீட்டாரின் சில்லறைத் தகராறுகளுமே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சமயங்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடுவோர் தத்தம் சமயத்தின் தூதர்களாகவே வந்து அமர்கிறார்கள். சாக்கடையைப் பற்றிப் பேசக் கூடுவோர் அந்தச் சாக்கடைக்கு அருகில் குடியிருப்பவர்களாக அமர்கிறார்கள். ஓராண்டு இப்படிக் கூடிய பிறகு அந்த இருவருக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும், வீடு தெரியும், எந்தச் சொல்லை நம்பலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பதும் தெரியும். வதந்தி வரும் நாளில் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஒரு வீடு இருக்கிறது.

அந்த நாளும் வந்தது. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாயில் மூண்ட கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னர் கணக்கிட்டது. அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். 1984இல் பிவண்டியில் மூண்ட தீ பம்பாய்க்குப் பரவியது. இம்முறை பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. கோப்டே அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அதிகாரி அகன்ற பிறகும் அவர் ஏற்படுத்திய பழக்கம் அகலாமல் நின்றது.

அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட, இனமோதலையும் குடிமை வாழ்வையும் ஆராயும் நூலில் இதை விளக்க உதவும் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். இந்திய நகரங்கள் ஆறினை இணை இணையாக ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு இது: சிற்றூரில் அன்றாடப் பழக்கமே அமைதிக்குப் போதுமானதாக இருக்கலாம், மக்கள் திரண்ட நகரத்துக்கு அது போதாது. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் போன்று இரு சமயத்தாரையும் ஒருங்கே கொண்ட அமைப்புகள் அங்கே வேண்டும். அவை இயல்பாக முளைக்காத ஊரிலும் முயன்றால் வளர்க்கக்கூடும் என்பதற்குப் பிவண்டி சான்று.

இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் அமைதிக்கு என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதை அகமதாபாத்தின் பழைய நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 1946 ஜூலை 1, ரத யாத்திரை நாள். ஊரில் கலவரம் மூண்டபோது, காங்கிரஸ் சேவா தளத்தைச் சேர்ந்த நண்பர்கள் இருவர், வசந்தராவ் ஹெகிஷ்டேயும் ரஜப் அலி லாகானியும், வன்முறைக் கும்பலைத் தடுத்து நிறுத்த முயன்றனர். இருவரும் கொல்லப்பட்டனர். குஜராத்தில் அவர்கள் பெயர்களை இன்றும் பிரிக்காமல் 'வசந்த்-ரஜப்' என்றே சொல்கிறார்கள். அந்த ஈகத்தின் முன் தலைவணங்காதவர் இருக்க முடியாது. ஆயினும் ஒரு சமூகம் தன் அமைதியை இரண்டு நல்லவர்களின் உயிரை நம்பி விட்டுவிடலாகாது. தெருவுக்குத் தெரு இருபது பேர் முன்கூட்டியே பழகியிருந்தால், கடைசி நாளில் இரண்டு பேர் சாக வேண்டிய தேவை குறையும்.

பம்பாய் தன் பாடத்தை எரிந்த பிறகே கற்றது. முன்னாள் காவல் ஆணையர் ஜூலியோ ரிபைரோ, அப்போதைய ஆணையர் சதீஷ் சாஹ்னி, சமூகப் பணியாளர் சுஷோபா பார்வே முதலானோர் முயற்சியில் அந்நகரத்திலும் மொஹல்லா கமிட்டி இயக்கம் உருவாயிற்று. கலவரத்தால் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளில் இரு சமயத்துப் பெண்களையும் சந்திக்கச் செய்வதில் பார்வே ஈடுபட்டார். வேற்றுச் சமயத்து இளைஞர்கள் காவலர்களோடு சேர்ந்து ஆடும் கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தப்பட்டன. விழா ஊர்வலங்களின்போது இரு சமயத்துத் தொண்டர்களும் வழிநெடுக நின்றனர்.

நம் மக்கள் பெருந்தொகையாக வாழும் தாராவிக்கும் இதில் இடமுண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழில் நடத்திய இடம் அது. அதே சீமையின் இந்துக்களும் கிறித்தவர்களும் பக்கத்துச் சந்துகளில் வாழ்ந்தார்கள். 1992-93 கலவரங்கள் அத்தாராவியையும் விடவில்லை. அதன் பிறகு அங்கே அமைதிப் பணியில் இறங்கிய இரு நண்பர்கள் பாவு கோர்டே, வக்கார் கான். நான்கு சமயங்களின் உடையில் நான்கு குழந்தைகள் நிற்கும் சுவரொட்டி ஒன்றை வக்கார் கான் உருவாக்கிப் பரப்பினார். இவ்விருவரைப் பற்றி அஞ்சலி மொன்தேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'நாத்தா'. 'உறவு' என்பது அதன் பொருள்.

இதுவரை கூறியதைக் கொண்டு மொஹல்லா கமிட்டி ஒரு மாமருந்து என்று முடிவு கட்டிவிடலாகாது. அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, காவல் துறை தோற்றுவித்த அமைப்பு காவல் துறையே ஒரு தரப்பாகும்போது என்ன செய்யும் என்பது. 2006 ஜூலை 5 அன்று அதே பிவண்டியில், கபரஸ்தானுக்கு அருகில் காவல் நிலையம் கட்டுவதை எதிர்த்து முஸ்லிம்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். பின்னர் காவலர் இருவர் கொல்லப்பட்டனர். அது இந்து-முஸ்லிம் மோதலன்று. ஆனால் எழுபது குழுக்கள் இருந்த ஊரில் ஒரு நிலத் தகராறு மேசை முன் தீராமல் தெருவில் நான்கு பிணங்களாக முடிந்தது. ஒருமுறை கட்டி முடித்துப் பூட்டிவிடக்கூடிய கட்டடமன்று இது. பழக்கம் விட்டால் போய்விடும்.

இரண்டாவது, இதைவிடக் கனமானது: அமைதி நீதியின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியுமா? பம்பாய்க் கலவரங்களில் காணாமற்போனோர் 168 பேர். அவர்களுள் 108 பேரின் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து இழப்பீடு வழங்க வழிசெய்யுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2022 நவம்பரில். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. வழக்கு நடக்காத கொலைக்கு உரியவரிடம் போய்ச் சேர்ந்து வாழுங்கள் என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் காக்கலாம். குற்றவாளிக்குத் தண்டனை வழங்க அவர்களால் ஆகாது. அக்கடமை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. குழுக்களைக் காட்டி அவை அதிலிருந்து நழுவ இடம் தரலாகாது.

இவ்விரண்டு எல்லைகளையும் ஏற்றுக்கொண்ட பிறகும் 1992 டிசம்பரின் பிவண்டி எஞ்சி நிற்கிறது. அந்நாட்களில் அங்கே சாகாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிச் சொல்ல முடியாது. அவர்கள் மறுநாள் எழுந்து தறிக்குப் போனார்கள். அவர்களை உயிரோடு வைத்திருந்தவை குழாயடி வழக்கையும் சாக்கடையையும் பற்றி நான்காண்டுகள் சலிக்காமல் நடந்த சின்னஞ்சிறு கூட்டங்கள். சமய நல்லிணக்கம் என்றவுடன் நாம் மகான்களையும் தியாகிகளையும் நினைத்துக்கொள்கிறோம். பெயர் அறியாத அந்தக் கூட்டத்தாரையும் அவர்களோடு சேர்த்து நினைப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.