தங்கச் சுரங்கத்துலேர்ந்து பிரதமர் நாற்காலிக்கு

எங்க குடியாத்தம் பக்கம் தங்கச் சுரங்கம்னாலே கோலார்தான். 1880-லேர்ந்து ஜான் டெய்லர் கம்பெனி தோண்டின அந்தக் குழிகளுக்கு வட ஆற்காட்டுலேர்ந்து ரயிலேறினவங்க ஏராளம்.

அதே காலத்துல இன்னொரு சுரங்கத் தொழிலாளி, ஆண்ட்ரூ ஃபிஷர். 1862-ல ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சின்னப் பையனாவே நிலக்கரிச் சுரங்கத்துல இறங்கிட்டார். தொழிற்சங்க வேலையால அங்கே பிழைப்பு போச்சு. 1885-ல கப்பலேறி ஆஸ்திரேலியா போனார். கிம்பி ஊர்ல தங்கச் சுரங்க வேலை. 1893-ல குயின்ஸ்லாந்து சட்டசபை, 1908-ல பிரதமர்! அப்புறம் 1910, 1914ன்னு மொத்தம் மூணு தடவை.

1912-ல பிரசவத்துக்கு 5 பவுண்டு உதவித்தொகை கொண்டு வந்தார். கல்யாணம் ஆகாத தாய்க்கும் உண்டு. படிச்சப்போ கைதட்டத் தோணுச்சு. ஆனா அடுத்த வரி சுருக்குன்னு குத்துச்சு: ஆசியப் பெண்களுக்கும், அந்த மண்ணோட பூர்வகுடிப் பெண்களுக்கும் கிடையாது.

அதாவது, நம்மாளு கோலாருக்குப் பதிலா கிம்பிக்குப் போயிருந்தா, அவர் சம்சாரத்துக்கு அந்த அஞ்சு பவுண்டு இல்லை.

ஃபிஷரை மட்டம் தட்டறதுக்காக இதைச் சொல்லலை. தொழிலாளி ஆட்சிக்கு வந்தா எல்லாருக்கும் விடிஞ்சிடும்னு நம்பறவன் நான். அந்த 'எல்லாரும்' யார் யாருன்னு முதல்லயே கேட்டுக்கணும் போல. நீங்க என்ன சொல்றீங்க?